நாடற்றவர்களின் தலைவர் அமைச்சரானது எப்படி? மலையக வாக்குரிமையின் 55 ஆண்டுக் கணக்கு

பிரித்தானியர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் மலையகத் தமிழர். அவர்கள் பற்றிய கட்டுரைகளில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வரும். 1948-ல் அவர்களின் குடியுரிமை பறிபோனது, 2003-ல்தான் கடைசி ஆள் வரைக்கும் திரும்பக் கிடைத்தது என்பது ஒன்று. அவர்களின் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978-ல் இலங்கை அமைச்சரவையில் உட்கார்ந்தார் என்பது மற்றொன்று. ஓட்டே இல்லாத மக்களிடமிருந்து அமைச்சர் எப்படி வந்தார்? அப்படியே வந்திருந்தாலும், அதற்குப் பிறகு இன்னும் 25 ஆண்டுகள் ஏன் பிடித்தன?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், 'பறித்தார்கள், கொடுத்தார்கள்' என்று இரண்டு சொல்லில் கதையை முடித்துவிடுவதுதான். மலையக வாக்குரிமை ஒரே நாளில் போகவும் இல்லை, வரவும் இல்லை. காகிதம் காகிதமாகப் போனது. பிறகு அந்தக் காகிதங்களை நிரப்பவும், சரிபார்க்கவும், அவற்றுக்காக வேலையை நிறுத்தவும் கற்றுக்கொண்ட சாதாரணத் தோட்டத் தொழிலாளர்கள் வழியாகக் காகிதம் காகிதமாகவே திரும்பியது.

முதலில் மூன்று சொற்கள்

1. குடியுரிமை. இலங்கையில் பெரும்பாலும் பிரஜாவுரிமை என்பார்கள். நீங்கள் எந்த நாட்டு ஆள் என்பதற்குச் சட்டம் தரும் விடை அது.

2. வாக்குரிமை. தேர்தலில் ஓட்டுப் போடும் தகுதி. இதற்குக் குடியுரிமை கட்டாயம் என்று இன்று எல்லோரும் நினைக்கிறோம். 1949 வரை இலங்கையில் அப்படி இல்லை. 'இலங்கைக் குடிமகன்' என்ற சட்ட வகையே 1948-ல்தான் உருவானது. அதற்கு முன் எல்லோருமே பிரித்தானியக் குடிகள். வசிப்பிடத் தகுதி இருந்தால் ஓட்டு.

3. வாக்காளர் பட்டியல். தகுதி இருப்பவரின் பெயர் உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கும் இடம். தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், வாக்குச்சாவடி வாசலோடு திரும்பி வர வேண்டியதுதான்.

இந்த மூன்றில் எதைத் தட்டிப் பறித்தாலும் ஓட்டு போய்விடும். 1940-களின் இறுதியில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பறித்தார்கள்.

ஓட்டு வந்த வழி: 1931 முதல் 1947 வரை

பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931-ல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. படிப்பு, சொத்து எதுவும் கேட்காமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு. ஆசியாவின் பல நாடுகளுக்கு அப்போது இது கனவு. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் ஒரு கொக்கி இருந்தது. இலங்கையே தங்கள் நிரந்தர வசிப்பிடம் என்று காட்ட வேண்டும், அல்லது ஐந்தாண்டு வாசத்தைக் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும்.

இதைத் தொழிலாளிக்கு யார் எடுத்துச் சொல்வது? தோட்டம் தனியார் நிலம். துரையின் (தோட்ட நிர்வாகியின்) அனுமதி இல்லாமல் வெளியாள் உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு. தஞ்சையிலிருந்து வந்து மலையகத் தொழிற்சங்க இயக்கத்துக்கு வித்திட்ட கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்று இன்றும் சொல்வார்கள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை உரிமைப் பாடல்களைத் தோட்டம் தோட்டமாகப் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் துண்டுப் பிரசுரத்தை விடப் பாட்டு வேகமாகப் போய்ச் சேரும்.

1939-ல் இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியது. ஜவஹர்லால் நேரு கொழும்பு வந்திருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கப் பிரிவும் வந்தது. (1950-ல் இதுவே இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், சுருக்கமாக இ.தொ.கா. ஆனது.) அதே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார்.

1947 பொதுத் தேர்தலில் இந்த வேலையின் பலன் தெரிந்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை எனத் தோட்டப் பகுதிகளிலிருந்து காங்கிரஸ் வேட்பாளர்கள் நாடாளுமன்றம் போனார்கள். காங்கிரஸ் நிற்காத வேறு பல தொகுதிகளில் தொழிலாளர் ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு உறுத்தியது இந்த இரண்டாவது விஷயமும்தான். அடுத்து வந்ததை வெறும் இனப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். வர்க்கக் கணக்கும் அதில் கலந்திருந்தது.

மூன்று சட்டங்கள், ஒரு தாத்தா

1. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். வம்சாவளியால் குடிமகன் யார் என்று இது வரையறுத்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும்.

2. 1949-ம் ஆண்டின் 3-ம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம். மேலே உள்ள விதியில் தேறாதவர்கள் விண்ணப்பித்துப் பதிவு மூலம் குடியுரிமை பெறலாம். அதற்கு 1946 ஜனவரி 1-க்கு முன்னால் தொடர்ச்சியான வாசம் தேவை: மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. அப்புறம் போதிய வருமானம். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம்.

3. 1949-ம் ஆண்டின் 48-ம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். குடிமக்கள் மட்டுமே வாக்காளர்.

எந்தச் சட்டத்திலும் 'தமிழர்' என்ற சொல் கிடையாது. 'தோட்டத் தொழிலாளி' என்றும் கிடையாது. சட்டத்தின் சாமர்த்தியமே அதுதான். காகிதத்தில் எல்லோருக்கும் ஒரே விதி.

நடைமுறையில் எப்படி என்று பார்க்க ஒரு ஆளைக் கற்பனை செய்வோம். 1910-ல் பதுளைப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தொழிலாளருக்கான வரிசை வீடுகளில், பிறந்த தொழிலாளி. அவருடைய அப்பாவும் அதே தோட்டத்தில் பிறந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவர் குடிமகன். ஆனால் அப்பா இங்கே பிறந்தார் என்பதற்குச் சான்று எங்கே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு லயன் அறையில் நடந்த பிரசவத்தை யார் பதிந்து வைத்தார்கள்? சிங்களக் கிராமத்து விவசாயிகள் பலரிடமும்தான் அப்படியொரு தாள் இருந்திருக்காது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இவரிடம் கேட்டார்கள். விதி ஒன்றுதான், நிரூபிக்கும் சுமையை மட்டும் ஒரு பக்கத்தில் ஏற்றி வைத்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாய் வழி கணக்கிலேயே இல்லை. கொழுந்து பறித்து இந்தப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியதில் பெண்களுக்குத்தான் பெரும் பங்கு. ஆனால் அந்தப் பெண் இலங்கையிலேயே பிறந்தவள் என்பது அவள் பிள்ளையின் குடியுரிமைக்கு உதவாது.

சரி, இரண்டாவது சட்டத்தில் ஒரு வாசல் திறந்துதானே இருந்தது? அதில் இயக்கம் செய்த பெரிய தவறும் சேர்ந்துகொண்டது. இந்தச் சட்டம் அவமானம், விண்ணப்பிக்கக் கூடாது என்று இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் புறக்கணித்தது. கொள்கையாக அதில் நியாயம் இருக்கலாம். நாட்கள் ஓடின. பிறகு மனம் மாறி, கடைசி மாதங்களில் அவசர அவசரமாக விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன. 1951 ஆகஸ்டில் கதவு மூடியபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் அடங்கியவர்கள் சுமார் 8,25,000 பேர். 1960-களின் தொடக்கம் வரை நடந்த விசாரணைகளின் முடிவில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஆறு பேர் கேட்டால் ஒருவருக்கு.

மற்றவர்கள் ஏன் விழுந்தார்கள்? தொடர்ச்சியான வாசத்தைக் காட்ட ஒரு தொழிலாளியிடம் இருந்த நல்ல சான்று 'செக்ரோல்', அதாவது தோட்ட அலுவலகத்தின் ஆள்வருகைப் பதிவேடு. அது துரையின் அலமாரியில் இருந்தது, தொழிலாளியின் பெட்டியில் அல்ல. தோட்டம் மாறியவருக்கு இரண்டு மூன்று அலமாரிகளின் தயவு வேண்டும். ஊரில் சாவு என்று இந்தியா போய் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. பெயர் ஓரிடத்தில் முத்துச்சாமி, இன்னோரிடத்தில் முத்தசாமி என்றால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் சொன்னது

அன்றைய அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தின் மீது மட்டும் மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்றது. கோடகன்பிள்ளை என்பவர் றுவன்வெல்ல தொகுதிப் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு, மறுக்கப்பட்டார். மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். புதிய சட்டங்கள் 29-ம் பிரிவுக்கு முரண் என்றார். 1951-ல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953-ல், அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சிலும் தள்ளியது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை, அதோடு 1949 சட்டம் ஒரு வழியையும் வைத்திருக்கிறது என்பது அதன் வாதம்.

வழக்காடும் வழி அதோடு அடைபட்டது. அரசியலிலும் கூட்டாளி அதிகம் இல்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1949 சட்டத்துக்கு ஆதரவாக நின்றதும், அதை ஏற்காத அவருடைய கட்சிக்காரர் செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதும் ஈழ அரசியலின் தனிக் கதை.

அதிகம் பேசப்படாத ஒரு விளைவு உண்டு. தொகுதிகளைப் பிரித்தது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, மக்கள் தொகையை வைத்து. 75,000 பேருக்கு ஒரு ஆசனம், ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் இன்னொன்று. தோட்டத் தொழிலாளியின் ஓட்டை எடுத்த பிறகும் அவருடைய தலை மட்டும் கணக்கில் இருந்தது. ஆக மலைநாட்டு ஆசனங்கள் குறையவில்லை. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் கைகள்தான் குறைந்தன. மிச்சமிருந்த ஒவ்வொரு ஓட்டுக்கும் எடை கூடியது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கட்சியும் அவசரப்படாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஓட்டு இல்லாதவர் கையில் மிஞ்சியது

1952 ஏப்ரலில் தேர்தலுக்கு முன்பாகத் தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் பிரதமர் அலுவலகம் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். நான்கு மாதங்களுக்கும் மேல் நீண்டது. சட்டம் மாறவில்லை.

ஆனால் ஒரு கதவை யாரும் மூடவில்லை. 1935-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் உறுப்பினரிடம் குடியுரிமை கேட்கவில்லை. ஓட்டுப் போட முடியாத தொழிலாளி சங்கத்தில் சேரலாம், சந்தா கட்டலாம், வேலையை நிறுத்தலாம். நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும் பகுதி தேயிலையிலிருந்து வந்த காலம் அது. கொழுந்து ஒரு வாரம் செடியிலேயே முற்றினால் கொழும்புக்கு உறைக்கும்.

அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கமிட்டி: தோட்டத் தலைவர், செயலாளர், பொருளாளர், மாதர் தலைவி. தலைவரும் காலையில் பிரட்டுக்களத்தில் (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) நின்று மற்றவர்களோடு மலைக்குப் போகிற தொழிலாளிதான். மாலையில் அவருடைய காம்பிராவுக்கு (லயன் அறைக்கு) ஆட்கள் வருவார்கள். பேர் பதியவில்லை, பிறப்புச் சான்று வேண்டும், பிரஜாவுரிமை விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருக்கிறது. அந்தத் தாள்கள் ஹட்டன், பதுளை போன்ற ஊர்களின் சங்க அலுவலகத்துக்குப் போகும். அங்கே மாவட்டப் பிரதிநிதி பதில் எழுதுவார். அரசு அலுவலகம் எட்டாத இடத்தில் சங்கக் கிளையே அரசு அலுவலகத்தின் வேலையையும் பார்த்தது.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. படிவம் யார் கையில் இருக்கிறதோ அதிகாரம் அவர் கையில். சந்தா கட்டாதவருக்கு உதவி தாமதமாகும். மாற்றுச் சங்கத்துக்காரர் என்றால் இன்னும் தாமதமாகும். 1956-ல் அப்துல் அசீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை நடத்தினார். 1965-ல் வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். சங்கங்களுக்குள் போட்டி வந்ததால் தொழிலாளிக்கு ஓரளவு நன்மைதான். அப்புறம், உறுப்பினர்களில் பெரும் பகுதி பெண்கள், தலைமையில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். இந்தக் கோணல் இன்றும் முழுதாக நிமிரவில்லை.

தலைகளைப் பங்கு பிரித்த ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். ஆக இந்தியாவின் பங்கு 6,00,000; இலங்கையின் பங்கு 3,75,000. இடையில் நின்ற மனிதர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர்தான். ஒப்பந்த எண்ணிக்கைக்கு 94,000 குறைவு. இந்த 94,000 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இந்தியாவுக்குப் போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களைக் கொண்டுபோன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ இவர்களுக்கு வேலை தரவே 1968-ல் தொடங்கப்பட்டது.

அமைச்சர் புதிருக்கு விடை

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். 1949 சட்டத்தாலும் 1964 ஒப்பந்தத்தாலும் சிறுகச் சிறுகக் குடியுரிமை பெற்றவர்கள் 1977-க்குள் கணிசமாகச் சேர்ந்திருந்தார்கள். தொண்டமானும் அவர்களில் ஒருவர்; 1960-லும் 1965-லும் நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்தவர். 1976 எல்லை நிர்ணயத்தில் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியானது. அப்படிப்பட்ட தொகுதியில் மூன்றாவது இடத்துக்கு வந்தாலும் வெற்றிதான். 1977-ல் தொண்டமான் மூன்றாவதாக வந்தார். 30 ஆண்டுகளுக்குப் பிறகு மலையகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட குரல். அடுத்த ஆண்டு அமைச்சர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் குடிமக்கள். அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் பெரும் பகுதியினர் அப்போதும் நாடற்றவர்கள்.

1977 மே 11-ல் இன்னொன்று நடந்திருந்தது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் திரண்ட டெவன் தோட்டத் தொழிலாளர்கள் மீது பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். நிலப் பிரிப்பு நின்றது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் நடந்தது இது.

1978 அரசியலமைப்பு வம்சாவளிக் குடிமகன், பதிவுக் குடிமகன் என்ற பாகுபாட்டை நீக்கியது. 1985-ல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சில் தமிழர் தரப்பு முன்வைத்த நான்கு கோட்பாடுகளில், இலங்கையைத் தாயகமாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை என்பதும் ஒன்று. ஆனால் கதவை உண்மையில் தள்ளியது 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய 'பிரார்த்தனை இயக்கம்'. தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை செய்வார்கள். நண்பகலுக்குப் பிறகுதான் மலைக்கு. சித்திரை வரை மூன்று மாதம் இப்படி என்று அறிவிப்பு. பெயர் பிரார்த்தனை, விளைவு அரைநாள் வேலைநிறுத்தம். கோயிலில் உட்கார்ந்திருப்பவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? சில நாட்களிலேயே அரசு இறங்கிவந்தது. 1986 சட்டம் அந்த 94,000 பேரையும் இலங்கையின் கணக்கில் சேர்த்தது.

அடுத்து 1988-ம் ஆண்டின் 39-ம் இலக்கச் சட்டம். இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத நாடற்றவர்கள் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) வழியாகவே குடியுரிமை பெற வழி செய்தது. அந்த டிசம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாச 50.43 சதவீதம் பெற்று வென்றார். பாதிக்கு மேல் வாங்கினால்தான் நேரடி வெற்றி. இ.தொ.கா. அவர் பக்கம் நின்றது. மலையக ஓட்டு அந்த அரைச் சதவீதத்தை விடப் பெரியது என்பது கொழும்பில் எல்லோருக்கும் புரிந்தது.

2003: பத்து நாள்

அப்படியானால் 2003 எதற்கு? 1988 சட்டம் ஒரு கூட்டத்தை வெளியே விட்டது. இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் நின்றவர்கள், அவர்களின் பிள்ளைகள். 1984-ல் போர்ச் சூழலில் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் சுமார் 84,000 பேர் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தவர்கள் வேறு.

2003 அக்டோபரில் 35-ம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் குடிமக்கள். இந்திய ஆவணம் இல்லாதவர் ஒரு பொதுப் பிரகடனம் எழுதிச் சான்றொப்பம் வாங்கினால் போதும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் இலங்கைக் குடியுரிமை வேண்டும் என்று சிறப்புப் பிரகடனம் செய்ய வேண்டும்.

இங்கேதான் 1949-க்கும் 2003-க்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. அன்று தொழிலாளி நிரூபிக்க வேண்டும், அதிகாரி சந்தேகிப்பார். இன்று தொழிலாளி சொல்கிறார், அரசு ஏற்கிறது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமும் அரசும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தோட்டப் பகுதிகளில் நடமாடும் மையங்களைத் திறந்தன. சங்கத்துக்காரர்களும் தொண்டர்களும் படிவம் நிரப்ப உட்கார்ந்தார்கள். பத்து நாளில் 1,90,000-க்கும் மேற்பட்டோர் குடியுரிமை பெற்றார்கள். 1949 சட்டத்தின் கீழ் பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்து நடந்த விசாரணைகள் கொடுத்ததை விட இது அதிகம். சட்டம் நல்லதாக இருந்தது ஒரு காரணம். எந்த லயத்தில் யார் இருக்கிறார், யாரிடம் எந்தத் தாள் இருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் அரை நூற்றாண்டாக அங்கேயே இருந்தது இன்னொரு காரணம்.

குடியுரிமைக்குப் பிறகும் தட்டுப்படுபவை

1. அடையாள அட்டை. 2004-ம் ஆண்டின் 14-ம் இலக்கச் சட்டம் வாக்களிக்க அடையாள ஆவணத்தைக் கட்டாயமாக்கியது. தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. இல்லாதவர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். பஃவ்ரல், கஃபே போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகள் தோட்டங்களில் நடமாடும் அடையாள அட்டை முகாம்கள் நடத்தியது இதனால்தான். கிராமத்தில் விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவது கிராம சேவகர், ஓர் அரச ஊழியர். தோட்டத்தில் அந்தக் கையெழுத்தைப் போட்டுவந்தவர் தோட்ட அதிகாரி, அதாவது முதலாளியின் ஆள்.

2. விலாசம். இதைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் புரியும். பெரும்பாலான லயன் வீடுகளுக்கு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை. இன்ன தோட்டம், மேல்பிரிவு, அவ்வளவுதான். தபால்காரர் பையைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து கடிதம் எப்போது, யார் கையில், எந்த முத்துச்சாமியிடம் போய்ச் சேரும்? வாக்காளர் அட்டையும் அந்தப் பையில்தான் வரும். வங்கிக் கடிதமும், நேர்முகத் தேர்வு அழைப்பும்கூட. ஒவ்வொரு வீட்டுக்கும் விலாசம் என்ற கோரிக்கை கேட்கச் சின்னதாக இருக்கும். வாக்காளர் பட்டியலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

3. உள்ளாட்சி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிரதேச சபை தன் ஓட்டாளர் வீட்டு வாசலுக்குப் பாதை போட முடியாத விசித்திரம் 2018 வரை இருந்தது. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33-ம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை செலவழிப்பதைக் கட்டிப் போட்டிருந்தது. நீண்ட பிரசாரத்துக்குப் பிறகு 2018-ல் திருத்தினார்கள். அதற்குச் சற்று முன்புதான், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரே சபையாக இருந்த நுவரெலியா மாவட்டத்து அம்பகமுவ, மூன்று சபைகளாகப் பிரிக்கப்பட்டது.

4. இடம்பெயர்ந்த இளைஞர். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர் தோட்டப் பட்டியலில் இருக்கும். தேர்தல் நாளில் விடுமுறையும் பஸ் காசும் கிடைத்தால்தான் ஓட்டு.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் போனார்கள். மலையகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் உறுப்பினர்கள். இருவரும் வென்றது பழைய சங்கங்கள் எதன் சின்னத்திலும் அல்ல, தேசிய மக்கள் சக்தியில். 1948 சட்டத்தில் தாய் வழி எண்ணப்படவில்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

தமிழ்நாட்டு முகாம்களில் ஒரு பாக்கி

1983-க்குப் பிறகு அகதிகளாக இராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் வந்து இறங்கியவர்களில் வடக்கு, கிழக்குத் தமிழர் மட்டும் இல்லை. கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வட இலங்கையின் வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கிருந்து படகேறியவர்களும் உண்டு. 2003 சட்டம் வந்தபோது அவர்கள் இலங்கையில் இல்லை. நிரந்தர வாசம் அறுந்துவிட்டது என்ற அதே பழைய சிக்கல். போரால் நாட்டை விட்டுப் போனது வாசத்தை முறிக்காது என்று 2009 திருத்தம் சொன்னது.

இந்தியப் பக்கத்திலும் ஒரு வழி உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் 1955 குடியுரிமைச் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியர். முகாமில் பிறந்த மூத்த பிள்ளைகள் சிலருக்கு இது பொருந்தும், தம்பி தங்கைகளுக்குப் பொருந்தாது. அண்டை நாட்டு அகதிகள் சிலருக்கு வழி திறந்த இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. ஆகவே முகாம்களில் இன்னும் பல குடும்பங்கள் இந்திய வாக்காளர் பட்டியலிலும் இல்லை, இலங்கைப் பட்டியலிலும் இல்லை. இலங்கை வழியை எடுப்பதென்றால், 1964 அக்டோபரில் தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எந்தச் செக்ரோலில் பேர் பதிந்திருந்தார் என்று யாராவது சொல்ல வேண்டும்.